முப்பத்தொன்றாம் நம்பர் சட்டை

1

ஊரிலிருந்து தொலைபேசி எடுப்பவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "அங்கை நீங்கள் என்ன செய்யிறியள்?" ஒக்லாந்தின் ஹென்டர்சன் பகுதியில் அலுமினிய ஜன்னல் செய்யும் தொழிற்சாலையில் எனக்கு வேலை, பக்கத்து மாசி என்ற பகுதியில் வீடு, அதற்கு மோர்ட்கேஜ் கடன் ஓடுகிறது என்று இத்தனை வருடமாகச் சொல்லி வந்தேன். அது அரைவாசி உண்மைதான். மிச்சத்தைச் சொன்னால் நம்பமாட்டார்கள் என்று விட்டுவிட்டேன். ஆனால் போன சனிக்கிழமை நடந்ததை எழுதாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்!

நான் ஒரு பேஸ்போல் நட்சத்திரத்தின் கணவன். சிரிக்காதீர்கள். மேற்கு ஒக்லாந்தில் சனிக்கிழமை மைதானங்களில் போய், "முப்பத்தொன்றாம் நம்பர்" என்று சொல்லிப் பாருங்கள். எதிரணிக்காரர்கூட முதுகைத் தடவிக்கொண்டு சிரிப்பார்கள். அந்த முப்பத்தொன்று என் மனைவி வதனி. பதின்மூன்று கோடைகாலம் எங்கள் அணியின் நடு வெளிக்களத்தில் நின்றவள்.

பேஸ்போல் தெரியாதவர்களுக்கு அரை நிமிடத்தில் சொல்லிவிடுகிறேன். எறியப்படும் பந்தைக் கட்டையால் அடித்துவிட்டு நாலு மூலையும் சுற்றி ஓடி, தொடங்கிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். அந்த இடத்தின் பெயர் ஹோம். வெளிக்களத்தில் நிற்பவர்கள் ஆகப் பின்னால், புல்வெளியின் எல்லையில் நிற்பார்கள். உயர்ந்து வரும் பந்தைப் பிடிப்பதும், தரையில் வருவதைப் பொறுக்கி உள்ளே எறிவதும் அவர்கள் வேலை. ஓடுகிறவர் வந்து சேருமுன் பந்து மூலையில் நிற்பவரின் கையுறைக்குப் போய், அவர் அதால் தொட்டால் ஆள் அவுட். ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் உண்டு. நடு வெளிக்களம் எட்டு. யாராவது பிழைவிட்டால் புள்ளிப் புத்தகத்தில் ஆங்கில எழுத்து 'ஈ' போட்டு அவர் நிற்கும் இடத்தின் எண்ணைப் போட வேண்டும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்தப் புத்தகத்தை எழுதுகிறவன் நான்தான். மனைவி நட்சத்திரமானால் கணவனுக்கு வேறு என்ன வேலை கிடைக்கும்?

2

எல்லாம் ஒரு மாண்டரின் பழத்தில் தொடங்கியது. வதனி பார்சல் பிரிக்கும் கூடமொன்றில் வேலை செய்கிறாள். ஒருநாள் ஸ்மோகோ நேரத்தில், ஸ்மோகோ என்றால் இங்கே தேநீர் இடைவேளை, அழுகிய மாண்டரின் ஒன்றை இருந்த இடத்திலிருந்தே எறிந்திருக்கிறாள். அது மேசைகளைத் தாண்டி, கதவுக்குப் பக்கத்தில் இருந்த குப்பைத்தொட்டிக்குள் நேராகப் போய் விழுந்தது. அவளோடு வேலை செய்யும் மெலே என்ற சமோவாப் பெண் தேநீரைக் கீழே வைத்துவிட்டு, "இன்னொருக்கால் எறி" என்றாளாம். இன்னொன்றும் உள்ளே விழுந்தது. மெலே இங்குள்ள பேஸ்போல் கிளப்பில், கிரிக்கெட்டின் விக்கெட் காப்பாளர் மாதிரி. ஹோமுக்குப் பின்னால் பெரிய கையுறையோடு குந்தியிருப்பவள். அடுத்த சனிக்கிழமை வதனி மைதானத்தில் நின்றாள்.

அந்த முதல் ஆட்டத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். கையுறை இடைஞ்சல் என்று அதை இடுப்பில் செருகிவிட்டு வெறுங்கையோடு நின்றாள். எதிரணியில் டேவ் என்றொரு பிளம்பர், குளிர்சாதனப் பெட்டி அளவுக்கு ஆள். அவன் அடித்த பந்து வதனியிடம் உருண்டு வந்தது. எடுத்தாள். அவன் இரண்டாம் மூலையைத் தாண்டி மூன்றாவதை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான். மூன்றாம் மூலையில் நின்றவர் கையுறையை விரித்து வைத்துக்கொண்டு கத்தினார். வதனி அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஓடுகிற டேவின் முதுகைக் குறிபார்த்து விட்டாள் ஓர் எறி!

சத்தம் எனக்குக் கேட்டது. டேவ் முகங்குப்புற விழுந்தான். மைதானம் முழுக்க அவனிடம் ஓட, வதனி மட்டும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "அவுட்! அவுட்!" என்று துள்ளினாள்.

அவளைக் குறைசொல்ல முடியாது. யாழ்ப்பாணத்தில் அவள் பள்ளிக்கூட எல்லே அணியில் விளையாடியவள். எல்லே என்றால் எங்கள் ஊர்ப் பேஸ்போல். எல்லேயில் அதுதானே சட்டம்! ஓடுகிறவரின் உடம்பில் பந்து பட்டால் ஆள் அவுட். ஆனால் எல்லேயில் எறிவது டென்னிஸ் பந்து. இதுவோ கல்லு மாதிரி. பேஸ்போலில் இப்படி எறிந்தால் அவுட்டும் இல்லை, ஓடுகிறவர் பாட்டுக்கு ஓடலாம், எழும்ப முடிந்தால். புள்ளிப் புத்தகத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாக என் கையில் தந்திருந்தார்கள். அதில் நான் எழுதிய முதல் எழுத்து என் மனைவியின் பிழை: ஈ-8.

விபத்துக் காப்புறுதிப் படிவத்தில் 'எப்படி நடந்தது' என்ற கேள்விக்கு டேவ், "ஒரு சின்னப் பெண் என்னை அவுட்டாக்கினாள்" என்று எழுதியிருந்தான். அடுத்த வருடமே எங்கள் கிளப்புக்கு மாறி வந்துவிட்டான். அவளுக்கு எதிரே ஓடுவதைவிடப் பக்கத்தில் நிற்பது பாதுகாப்பு என்றான்.

3

அவளுடைய குறிதவறாத எறி எங்கிருந்து வந்தது என்று இங்கே பலர் கேட்டிருக்கிறார்கள். நான் சுருக்கமாக, "பள்ளிக்கூடம்" என்பேன். முழுக்கதை வேறு. போரும் பொருளாதாரத் தடையுமாக இருந்த காலம். அவளுடைய அணிக்கு இருந்தது ஒரேயொரு டென்னிஸ் பந்து, அதுவும் ரோமம் உரிந்து மொட்டையாகிவிட்டது. மைதானத்தின் ஒரு பக்கம் ஆட்கள் விட்டுப்போன வீடுகள். அதற்குள் பந்து விழுந்தால் மிதிவெடிப் பயத்தில் ஒருவரும் போகமாட்டார்கள். ஆகவே எறிகிற பந்து ஓடுகிற பிள்ளையில் பட்டே ஆகவேண்டும். தவறினால் பந்தோடு சேர்த்து ஆட்டமும் முடிந்தது. பிறகு இடம்பெயர்வு வந்தது. அந்த அணிப் பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் போனார்கள். இரண்டு பேரைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அவள் அதைப் பற்றிக் கதைப்பதில்லை, நானும் கிளறுவதில்லை.

டேவ் விழுந்த அன்று கிளப்பில் சிலர், இந்தப் பெண் வேண்டாம், ஆளைக் கொன்றுவிடுவாள் என்றார்கள். மெலேதான் விடவில்லை. வதனியைத் தனியே கூட்டிப்போய் ஹோமுக்குப் பின்னால் குந்திக்கொண்டு, கையுறையை நெஞ்சுக்கு நேரே பிடித்தாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னதை எங்கள் தமிழில் எழுதுகிறேன்: "ஓடுகிறவனை மறந்துவிடு. நான்தான் ஓடுகிறேன் என்று நினை. என்னை அடி."

அவ்வளவுதான்! அதற்குப் பிறகு அவள் அடித்ததெல்லாம் மெலேயின் கையுறையைத்தான். ஓர் இறுதிப்போட்டியை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன், மனம் கேட்கவில்லை. மழை தூறுகிறது. நாங்கள் ஓர் ஓட்டம் முன்னால் நிற்கிறோம். எதிரணியின் இரண்டு பேர் மூலைகளில் காத்திருக்கிறார்கள். பந்து வதனியின் தலைக்கு மேலால் வேலிவரை போகிறது. முதல் ஆள் ஹோமுக்கு வந்தாயிற்று, சமம். இரண்டாவது ஆள் மூன்றாம் மூலையைச் சுற்றுகிறான். வதனி வேலியடியில் வழுக்கி, ஒரு முழங்கால் தரையில் ஊன்றியபடியே எறிந்தாள். பந்து இடையில் ஓரிடத்திலும் தரையைத் தொடவில்லை. மெலே கையுறையை அசைக்கக்கூட இல்லை. ஆள் அவுட்! அடுத்த முறை நாங்கள் அடித்து வென்றோம். அன்று புள்ளிப் புத்தகத்தை நான் மழையில் நனைத்துவிட்டேன். கேட்டவர்களிடம் மழை என்றேன், பாதி கண்ணீர்.

4

எங்கள் மகள் அபிக்கு இப்போது பதினெட்டு வயது. அவள் சிறுபிள்ளையாக இருந்தபோது மாசி வீட்டின் பின்வளவில் தாயும் மகளும் எல்லே விளையாடுவார்கள். துணி காயப்போடும் சுற்றுக்கம்பி ஒரு மூலை, குப்பைத்தொட்டி இன்னொரு மூலை. ஓடுகிறவன் நான். டென்னிஸ் பந்தால் அடிவாங்குகிறவனும் நான். என் முதுகில் பட்டவுடன் இரண்டு பேரும் ஒரேநேரத்தில் கையைத் தூக்கி, "அவுட்!" என்று கத்துவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை வேலிக்கு மேலால் எட்டி, எல்லாம் சரிதானா என்று என்னைக் கேட்டார்.

பத்து வயதில் அவளைக் கிளப்பின் சிறுவர் அணியில் சேர்த்தோம். அங்கேதான் எல்லாம் பிழையாய்ப் போனது. அவள் ஒரு பந்தைத் தவறவிட்டால், கூடிநிற்கும் பெற்றோரில் ஒருவர், "உன் அம்மா என்றால் பிடித்திருப்பா" என்பார். அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் ஒரு கோடை முழுக்கச் சொன்னார்கள். அடுத்த வருடம் அவள் வரவில்லை. பிறகு ஆமாம் என்பதற்கு அவள் சொல்லும் 'ஓம்' 'யா' ஆயிற்று, தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வந்தது, சனிக்கிழமைகளில் அறைக்கதவு மூடியிருந்தது.

"அவள் வெறுத்தது விளையாட்டை இல்லையப்பா, என்னை" என்று வதனி ஒருநாள் கார் ஓட்டும்போது சொன்னாள். நான் வழக்கம்போலச் சமாளித்தேன்: சிக்னல் பச்சையாகிவிட்டது என்றேன்.

போன கோடை வதனியின் வலது தோளில் தசைநார் அறுந்தது. கடிதங்கள், காத்திருப்பு, கடைசியில் சத்திரசிகிச்சை. இனி எறிய முடியாது என்றார்கள். கை காதுக்கு மேலே போகாது. தலைகூட வார முடியாது. காலையில் அபிதான் வாரிவிடுவாள். செவ்வாய்க்கிழமைகளில் கைக்குப் பயிற்சி தரும் பிசியோவிடம் காரில் கூட்டிப்போவதும் அவள்தான்.

வதனிக்கு ஆட்டம் போனது கவலை. அதைவிடப் பெரிய கவலை வேறொன்று. அவள் நின்ற இடத்தில் நிற்க ஒருவரும் வரவில்லை! நாங்கள் கேட்டுப் பார்த்தவர்கள் எல்லாரும், "அந்த இடமா? என்னை அவளோடு ஒப்பிட்டே கொல்லுவார்கள்" என்று நழுவிவிட்டார்கள். ஒன்பது பேர் இல்லாவிட்டால் ஆடாமலே தோற்றதாக எழுதிவிடுவார்கள். எங்களிடம் இருந்தது எட்டுப் பேர்.

"நான் விளையாடினதாலை எங்கடை அணியே இல்லாமல் போகுதெண்டா, அது என்ன விளையாட்டு?" என்று என்னைக் கேட்டாள்.

5

போன சனிக்கிழமை கோடைகாலத்தின் முதல் ஆட்டம். அதற்கு முன்னால் கிளப் மண்டபத்தில் வதனிக்கு ஏதோ மரியாதை என்று டேவ் சொல்லியிருந்தான். ஆடுவதை விட்டபிறகு இப்போது தலைவரும் நடுவரும் அவன்தான். ஆள் குறைவால் ஆட்டமும் நடக்காமல் போகலாம், சோகமாக இருக்கும் என்று நான் அபியையும் இழுத்து வந்தேன். காரோட்டியாகத்தான் வருகிறேன் என்று அவள் ஆங்கிலத்தில் திட்டமாகச் சொல்லிவிட்டாள்.

டேவ் சுவரில் தொங்கிய துணியை விலக்கினான். உள்ளே கண்ணாடிச் சட்டம். சட்டத்துக்குள் வதனியின் முப்பத்தொன்றாம் நம்பர் சட்டை. இனி இந்த நம்பரை இந்தக் கிளப்பில் ஒருவரும் அணியமாட்டார்கள், கமிட்டி தீர்மானம் போட்டுவிட்டது என்று அறிவித்தான். பேஸ்போலில் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. எல்லாரும் கைதட்டினார்கள். அப்போது மெலே கண்ணீரோடு முன்னே போய், தன் கையாலே கட்டிய பெரிய பூமாலையை அந்தக் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கவிட்டாள்.

எங்கள் வீட்டு வரவேற்பறையில் அப்படி மாலையோடு தொங்குவது செத்துப்போன என் அப்பாவின் படம் மட்டும்தான்.

"இதென்ன கோதாரி!" என்றாள் வதனி என் காதுக்குள். "கழட்டச் சொல்லுங்கோ."

"அன்பாச் செய்திருக்கினம் வதனி. ஒரு போட்டோ எடுத்திட்டுப் பேசாமல் போவம்."

"எடுங்கோ. பக்கத்திலை ஒரு குத்துவிளக்கையும் கொளுத்திவிடுங்கோ!"

அவள் கண் கலங்கியதைப் பார்த்தவர்கள் ஆனந்தக் கண்ணீர் என்று இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். வதனியால் தாங்க முடியவில்லை. கோபம் வந்தால் அவளுடைய ஆங்கிலம் நாலு சொல்லாகச் சுருங்கிவிடும். "ஐ ஆம் நொட் டெட்!" என்று கத்தினாள்.

கைதட்டல் நின்றது. டேவின் முகம் சிவந்தது. மெலே திகைத்துப் போனாள். சுவரில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்த அபி அப்போதுதான் நிமிர்ந்தாள். நடுவில் வந்து, தன் ஆங்கிலத்தில் நிதானமாக விளங்கப்படுத்தினாள். எங்கள் ஆட்களிடம் கண்ணாடிச் சட்டம் போட்டு மாலையும் போட்டால் ஆள் செத்துவிட்டார் என்று அர்த்தம், இவ்வளவு நேரமும் நீங்கள் அம்மாவின் செத்த வீட்டுக்குக் கைதட்டியிருக்கிறீர்கள் என்றாள். மெலேதான் முதலில் வெடித்துச் சிரித்தாள். ஓடிப்போய் மாலையைக் கழற்றி வதனியின் கழுத்தில் போட்டாள். சமோவாவில் இது உயிரோடு இருக்கிறவர்களுக்குத்தான் என்றாள்.

"இன்னும் ஒண்டு சொல்லு பிள்ளை" என்றாள் வதனி. "அந்தச் சட்டை சுவரிலை வேண்டாம். ஆராவது போடவேணும். அந்த இடத்திலை ஆராவது நிக்கவேணும்."

அபி சொன்னாள். டேவ் தலையைச் சொறிந்தான். கமிட்டித் தீர்மானம் எழுத்தில் இருக்கிறதே! இந்த நாட்டில் மூன்று பேர் சேர்ந்தால் ஒரு கமிட்டி, கமிட்டி எழுதினால் அது கல்வெட்டு. மாற்றுவதென்றால் ஒருவர் பிரேரிக்க வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும், இரண்டு பேரும் உறுப்பினராக இருக்க வேண்டும். மெலே உடனே பிரேரித்தாள். வழிமொழிய ஒருவரும் கை தூக்கவில்லை. தூக்கினால் அந்தச் சட்டை தங்கள் தலையில் வந்து விழும் என்று எல்லாருக்கும் தெரியும். நான் கை தூக்கினேன். புள்ளி எழுதுகிறவர் உறுப்பினர் இல்லை என்று டேவ் மன்னிப்புக் கேட்டான். பதின்மூன்று வருடம்!

அப்போது அபி கேட்டாள்: "உறுப்பினர் படிவம் இருக்கா?"

ஜன்னல் விளிம்பில் வைத்து நிரப்பினாள். நான் வெட்கமில்லாமல் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். அவசரத் தொடர்பு என்ற இடத்தில் தாயின் பெயர். முன் அனுபவம் என்ற இடத்தில், 'வீட்டுப் பின்வளவு'. கையெழுத்தை வைத்துவிட்டு, வழிமொழிகிறேன் என்றாள். டேவ் தன் பிளம்பர் பையிலிருந்து திருப்புளி எடுத்துக்கொண்டு சுவரை நோக்கி ஓடினான்.

வதனிக்குத்தான் பதற்றம். "பிடிக்காட்டி அந்தச் சட்டையைப் போடாதை பிள்ளை. எனக்காண்டி எண்டு போடாதை."

"உங்களுக்காண்டி இல்லை" என்றாள் அபி. தமிழில்! "எட்டுப் பேர்தான் நிக்கினம். இண்டைக்கு மட்டும்."

6

அணியின் பெயர்களைப் புள்ளிப் புத்தகத்தில் எழுதினேன். 31, அபி, எட்டாம் இடம். வதனி கழுத்தில் மாலையோடு என் பக்கத்துப் பலகை இருக்கையில் ஒடுங்கி இருந்தாள். ஒரு பந்தும் அந்தப் பக்கம் போகக்கூடாது என்று வேண்டுகிறாளா, போகவேண்டும் என்று வேண்டுகிறாளா தெரியவில்லை. எனக்குக் கேட்கவும் பயம்.

மூன்றாவது சுற்றில் பந்து அந்தப் பக்கம் போனது. எதிரணிப் பையன் ஒருவன் இரண்டாம் மூலையில் நின்றான். அடித்த பந்து புல்லில் பாய்ந்து அபியிடம் வந்தது. அவள் குனிந்து அள்ளியது அப்படியே வதனியின் குனிவு. பையன் மூன்றாம் மூலையை நோக்கி ஓடினான். மூலையில் நின்றவர் கையுறையை விரித்துக்கொண்டு கத்தினார். நடுவராக நின்ற டேவும் ஓடிவந்தான். அபி அந்தக் கையுறையைத் திரும்பியும் பார்க்கவில்லை.

எனக்கு விளங்கிவிட்டது. "ஐயோ, வேண்டாம்!" என்றேன்.

பந்து பையனின் முதுகில் சரியாகப் போய் விழுந்தது. அவன் மூலைக்கு மேலேயே குப்புற விழுந்தான். டேவ் இரண்டடி பின்னால் பாய்ந்து, தன் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

"அவுட்!"

இரண்டு குரல். ஒன்று தூரத்தில், நடு வெளிக்களத்திலிருந்து. மற்றது என் காதுக்குப் பக்கத்தில். வதனி பலகை இருக்கையில் ஏறி நின்று, மாலை ஒரு பக்கம் பறக்க, இரண்டு கையையும், காதுக்கு மேலே போகாத அந்த வலது கையையும் சேர்த்து, வானத்துக்குத் தூக்கிக்கொண்டிருந்தாள். அபியும் அங்கே அப்படியே நின்றாள். இரண்டு பேரும் சேர்ந்து பிழை!

பிறகு ஒரேநேரத்தில் இரண்டு பேரும் வாயைப் பொத்தினார்கள். பையன் எழும்பிச் சிரித்தான். ஐஸ் பொதியோடு சரியாகிவிட்டது. அபி ஓடிப்போய்ப் பத்துத்தரம் மன்னிப்புக் கேட்டாள். பார்த்திருந்தவர்களில் ஒருவராவது, உன் அம்மா என்றால் இப்படிச் செய்திருக்கமாட்டா என்று சொல்ல முடியாது. அம்மாவும் இதைத்தான் செய்தா என்பது எல்லாருக்கும் தெரியும். நான் பென்சிலை எடுத்து ஈ-8 என்று எழுதினேன். என் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோசத்தோடு ஒரு பிழையை எழுதியதில்லை.

ஆட்டத்தில் தோற்றோம். அதை யார் பார்த்தார்கள்? திரும்பி வரும்போது அபிதான் காரோட்டினாள். கார் மோட்டர்வேயில் ஏறியது.

"ஓடுறவனைப் பாக்காதை" என்றாள் வதனி மெதுவாக. "கையுறையைப் பார்."

"ஐ நோ" என்றாள் அபி.

வீட்டுக்கு வந்ததும் வதனி, "சட்டையைத் தா பிள்ளை, தோய்ச்சுக் கிளப்புக்குக் குடுத்திடுவம்" என்று கை நீட்டினாள். அபி பையைத் தோளில் போட்டுக்கொண்டு தன் அறைக்கு நடந்தாள்.

"வேண்டாம். நானே தோய்க்கிறன்."

ஞாயிறு காலை நான் எழும்பி வந்தபோது, பின்வளவுச் சுற்றுக்கம்பியில் முப்பத்தொன்று மட்டும் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது. வதனி குசினியில் அடுப்புக்குப் பக்கத்து ஜன்னலடியில் நின்று அதைப் பார்த்தபடி, வலது கையால், தானே, தலை வாரிக்கொண்டிருந்தாள்.